பேட்டா போட்டுக் கருத்துச் சொன்ன தெரு

எங்கள் கருத்தைக் கேட்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் தெரு செய்த முதல் காரியம், அவர் தலைக்கு மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை வாங்கியதுதான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருக்கோடியில் ஒரு அங்கன்வாடி உண்டு. ஒரே அறை, வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அதை மூடிவிட்டு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய அங்கன்வாடியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு வசதி கூடுமாம். பஸ்ஸும் டெம்போவும் பறக்கிற அந்த ரோட்டை மூன்று வயதுப் பிள்ளை எப்படித் தாண்டும்? இதை யோசித்துத் தீர்மானித்த மகராசன் அந்த ரோட்டில் ஒரு நாளும் நடந்திருக்க மாட்டார்.

என் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவள் கோலார் தங்கவயல்காரி. புருஷன் இல்லை. கோரமங்கலாவில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலையில் மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு பஸ் பிடிப்பாள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டி வருவது நான். ரிட்டயராகி, முழங்காலும் தேய்ந்துபோன எனக்கு அந்தத் தெருக்கோடிதான் எல்லை. அங்கன்வாடி ரோடு தாண்டிப் போனால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

பெரிய மனுஷர் யார் வந்தாலும் முதலில் மரியாதை செய்துவிட்டுத்தான் பேச்சு என்பது எங்கள் தெரு வழக்கம். கன்னட ராஜ்யோத்சவ விழாவோ பிள்ளையார் சதுர்த்தியோ, இந்த ஊரில் எந்த மேடையிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே சிவாஜிநகர் போய் மாலை, சால்வை, பழத்தட்டு, ஜரிகை வைத்த பேட்டா எல்லாம் வாங்கி வந்தோம். அதிகாரி வந்தார். தலையைக் குனிந்து பேட்டாவை வாங்கிக்கொண்டார். கீழ் போர்ஷன்காரி பழத்தட்டை நீட்டினாள். கூட வந்தவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார்.

பிறகுதான் அவள் பேசினாள். அவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ரோட்டைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், என் முட்டியைக்கூட விடவில்லை. மற்ற அம்மாக்களும் பேசினார்கள். இணைப்பு வேண்டும் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவர் பேட்டாவைக் கழற்றாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “உங்கள் கன்னடம் ரொம்ப நன்றாயிருக்கிறது” என்று பாராட்டிவிட்டு காரேறினார்.

இரண்டொரு நாளில் அந்த போட்டோ எல்லார் மொபைலிலும் வந்தது. அங்கன்வாடி இணைப்பை வரவேற்று மக்கள் அதிகாரியைக் கௌரவித்தார்கள் என்று கீழே எழுதியிருந்தது. நடுவில் பழத்தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்பவள் யார்? இவள்தான்.

“இன்னாக்கா இது? வேணாம்னு சொன்னதே நான்தானே! என் மூஞ்சிய வெச்சே வேணும்னு சொல்லிட்டாங்களே!” என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா மொபைலை எங்கள் பக்கம் திருப்பி, “இது நீங்கதானேம்மா?” என்றார். அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. எங்கள் வாய் சொன்னது காற்றோடு போயிற்று, கை நீட்டிய தட்டு மட்டும் ஆதாரமாகிவிட்டது.

அங்கன்வாடி பூட்டப்பட்டது. அவள் வேலையை விடுகிறேன் என்றாள். “ஒரு வாரம் பொறு” என்று சொல்லி நானே கிளம்பினேன். தெருப் பிள்ளைகளையெல்லாம் கைகோத்து நிற்கவைத்து, இரண்டு அம்மாக்கள் முன்னும் பின்னும் வர, நான் நடுவில் நொண்டி நொண்டி ரோட்டைத் தாண்டினேன். என் முழங்காலுக்கு வேகம் தெரியாது. ஒரு பிள்ளைக்குச் செருப்பு கழலும், இன்னொன்று நாயைப் பார்த்து நிற்கும். காலையும் சாயங்காலமும் வண்டிகள் நெடுந்தூரம் நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது. “பேக பன்னி அம்மா, பேக!” என்று டிராபிக் போலீஸ்காரர் கத்தினார். வேகமாக வா என்றால் நான் எங்கே போவேன்? கார்க்காரர்கள் வீடியோ எடுத்துப் போட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று புலம்பினார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் அங்கன்வாடியின் பூட்டைத் திறந்தார்கள். பொதுமக்கள் கருத்துக்கு மதிப்பளித்துத் தற்காலிகமாகத் திறக்கிறார்களாம். எந்தப் பொதுமக்கள்? தாய்மார்கள் மணிக்கணக்காகப் பேசியது ஏறாத காதில் கார் ஹாரன் ஏறியிருக்கிறது. பிள்ளைகள் திரும்பி வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

திறப்புக்கு அதே அதிகாரி வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தோம். அதன் முன்னால் வந்து நின்று, பழக்கத்தில் தலையைச் சற்றுக் குனிந்தார். யாரும் நகரவில்லை. எல்லார் கையும் வெறுங்கை. குனிந்த தலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கீழ் போர்ஷன்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அன்றைக்கு அவள் கன்னடம் பேசவில்லை.

“குந்துங்க சார். தற்காலிகம்னு போட்டிருக்கீங்களே, அதைப் பத்திப் பேசணும். இந்த வாட்டி நாங்க மொதல்ல பேசிடறோம்.”