சாமி போகும் தெருவும் என் பதினொன்றாம் வகுப்பும்

அம்மா ஜவுளிக்கடையிலிருந்து திரும்பும்போது கைகளில் புதுத்துணியின் கஞ்சி வாசனை வரும். நாள் முழுக்க யார் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிய கை. அதே கையால் சோறு போடுவார்...

என் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவளுடைய எல்.கே.ஜி. ஃபீஸ் மெசேஜைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். என்னவோ அந்த வாசனை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது காரைக்காலில், மாங்கனித் திருவிழா ஊர்வலம் போகும் தெருவில் வாடகைக்கு இருந்தோம். ஒற்றை அறைதான், ஆனால் மொட்டைமாடி உண்டு. சாமி வரும்போது மாம்பழம் வீச அதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால் ஆனி மாதம் பிறந்தால் அப்பாவின் தங்கை மல்லிகா அத்தை திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்துவிடுவார். தன் குடும்பம், கொழுந்தன் குடும்பம், எல்லாரும். மூன்று நாள் சாப்பாடு. போகும்போது அத்தைக்குச் சேலை, பிள்ளைகளுக்குத் துணி. அண்ணன் வீட்டு முறை. லோடு ஆட்டோ ஓட்டிய அப்பா, எதில் குறை வைத்தாலும் இதில் வைக்க மாட்டார்.

பள்ளிக்கூடம் திறப்பதும் அதே நேரத்தில்தான். வருஷா வருஷம் என் ஃபீஸ் தள்ளிப்போகும். அந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பு. முழுப் பணமும் கட்டினால்தான் காமர்ஸ் குரூப்பில் சீட் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம், கடைகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு வரவுசெலவு வகுப்பு ஆரம்பித்தது. கடை லீவு நாளில், அங்கன்வாடிக் கட்டடத்தில். புருஷன் பெண்டாட்டி இருவரும் வரவேண்டும். பிள்ளைகளும் போகலாம். நான் போனது போண்டாவுக்காக.

நடத்தியவர் ஸ்டெல்லா மிஸ். புதுசாக வேலைக்கு வந்தவர், பேசும்போது சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் சொன்னார்...

"பட்ஜெட்டெல்லாம் நல்லாத்தான் போடுறீங்க. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கிறீங்க. இன்னிக்குச் சொல்லிப் பழகுவோம்."

அம்மாவை எழுப்பி நிறுத்தினார். எதிரே மல்லிகா அத்தையாக நடிக்க எழுந்தது ஜெய்னம்பு அக்கா. அம்மாவோடு அதே கடையில் வேலை பார்ப்பவர். குடியிருப்பது அத்தையின் தெருவில்.

"என்ன அண்ணி, வந்தவள வான்னு கூட சொல்லல. மூஞ்சி ஒரு முழத்துக்கு நீளுது?"

முந்தானையை உதறிய விதம், கழுத்தை வெட்டிய வெட்டு... அத்தையேதான். கூட்டம் சிரித்தது.

"இல்ல மல்லிகா... வந்து..." அதோடு அம்மா நின்றுவிட்டார்.

"வந்து, போயின்னுக்கிட்டு. இந்த வருஷம் சேலை நல்லதா பாத்து எடுங்க அண்ணி. போன வருஷத்துது ஒரு தண்ணிக்கே சாயம் போச்சு."

மிஸ்ஸே சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "என் தங்கச்சிய வச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க. இனிமே நான் வரல" என்றார்.

"உங்க தங்கச்சியப் பாத்தா சிரிச்சாங்க? வாயைத் தொறக்காம நின்னேனே, என்னையப் பாத்துல்ல சிரிச்சாங்க."

ஜெய்னம்பு அக்காவுக்கு அன்று கிடைத்த கைதட்டலை மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. ஊருக்குப் போய், அத்தையிடமே நடித்துக் காட்டிவிட்டார்.

மறுநாளே அத்தை பஸ் ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடி கேட்டார்.

"ஏன் அண்ணி, எனக்கு அப்படியா குரல் இருக்கு?"

 கதவுக்குப் பின்னால் நின்ற நான், சீட் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

"சேலைக்கு அலைஞ்சுக்கிட்டா உங்க வீட்டுக்கு வர்றேன்?"

அப்போது அம்மா பேசினார். வகுப்பில் வராத குரல், நிதானமாக வந்தது.

"அப்படி நினைக்கல மல்லிகா. பிள்ளைய பதினொண்ணாவது சேக்கணும். கையில இருக்கது ஒண்ணுக்குத்தான் காணும். இந்த வருஷம் யாருக்கும் துணி எடுக்கல. நீங்க எல்லாரும் வரணும். சாப்பாட்டுக்கு நீயும் கொஞ்சம் கை குடுக்கணும்."

 அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இதைச் சொல்றதுக்கு நடுவுல ஜெய்னம்பு எதுக்கு? மொதல்ல தண்ணி குடுங்க."

அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. ஃபீஸ் கட்டும் நாளில் மட்டும், சொல்லாமலே லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். முன்சீட்டில் உட்கார்ந்து போனேன்.

திருவிழாவுக்கு அத்தை ஒரு குண்டான் புளிச்சோற்றோடு வந்தார். வழக்கம்போல மாடியில் நின்று, எல்லாரையும்விட அதிகமாக மாம்பழம் வீசியதும் அவர்தான். ஆனால் மறக்கவில்லை. என் கல்யாண மண்டபத்தில்கூட, "அண்ணன் வீட்டுலேர்ந்து ஒரு வருஷம் வெறுங்கையோட போனவ நான். அதுலதான் இவ படிச்சா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். ஜெய்னம்பு அக்காவும் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது நாங்கள் கோவில்பத்தில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு அந்த ஊர்வலம் வராது. ஃபோனில் லைவ் பார்க்கிறோம். செலவு எழுத ஆப் இருக்கிறது, வட்டமாகக் கலர் போட்டுக் காட்டுகிறது. இவரும் நானும் உட்கார்ந்து அழகாகத்தான் பட்ஜெட் போடுகிறோம். குறை ஒன்றும் இல்லை, நிம்மதியாகத்தான் இருக்கிறோம்.

ஆனால் அடுத்த மாதம் என் நாத்தனார் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் எங்களுடையது. தோடு இன்ன டிசைன் என்று ஃபேமிலி குரூப்பில் படம் வந்துவிட்டது. நான் ஹார்ட் போட்டிருக்கிறேன். இவரும் போட்டிருக்கிறார். பாப்பா ஃபீஸைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை...

அத்தைக்குக் கோபம் வந்தது, பஸ் ஏறி வந்து கேட்டார். என் நாத்தனாருக்குக் கோபம் வந்தால் சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போய்விடுவாரோ என்றுதான் பயம். வாசற்படி வரைக்கும் வந்துவிட்டால்கூடப் போதும், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசிவிடுவேன்.

காலையில் நாத்தனாருக்கு நானே ஃபோன் பண்ணப் போகிறேன். மெசேஜ் வேண்டாம்.