அப்பா கை வைத்த இன்ஜின்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய கார்களில் பாதி லாரியில் ஏறி வரும். மீதிப் பாதி தானாக ஓடி வந்து எங்கள் வாசலில் நின்றுவிடும்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ.சி.ஆரை ஒட்டி இருக்கிறது ஒர்க்‌ஷாப். கான்வென்டில் படித்தவள், பழைய இங்கிலீஷ் மேனுவலைப் படித்துச் சொல்வாள் என்று முதலாளி என்னைக் கவுண்டரில் உட்காரவைத்தார். அளவெடுக்க இங்கேதான் கற்றுக்கொண்டேன். மைக்ரோமீட்டர் கையில் இருந்தால் எனக்குச் சந்தேகமே வராது. கஸ்டமர் எதிரே வந்து நின்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை வயசுப் பெண்ணைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் டிபன் பாக்ஸ் மாதிரி தினமும் கூடவே வருகிறது. கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பானெட்டுக்குக் குடை

ஸ்ரீதரன் சார் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் அப்பா வக்கீல். ஊரே அம்பாசடரில் போனபோது, யாரோ ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து ரெண்டே சீட்டுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தவர். அப்பா போனபிறகு அது கடற்கரையில் உறவினர் வீட்டு ஷெட்டில் பதினொரு வருஷம் உப்புக்காற்றைக் குடித்தபடி நின்றது. லாரியில் வந்து இறங்கிய அன்று தூறல். சார் குடையை பானெட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு தான் நனைந்தார்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் சரிசெய்யலாமா, மாற்றலாமா என்று சொல்ல முடியும் என்றேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கப்பா கை வெச்ச இன்ஜின்மா. மாத்தற பேச்சு மட்டும் எடுக்காதே."

ஒரு வாரம் டீசல்

பிஸ்டன் நாலும் துருவில் இறுகிக் கிடந்தன. எங்கள் ஹெட் மெக்கானிக் தாஸ் அண்ணன், கூடுவாஞ்சேரிக்காரர், ப்ளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றிவிட்டு, ஒரு வாரம் யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவசரப்பட்டுச் சுத்தியால் தட்டினால் உள்ளே உடையும். ஸ்ரீதரன் சார் தினமும் பஸ் பிடித்து வந்து, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளேயும் வரமாட்டார், போகவும் மாட்டார்.

ஐந்தாம் நாள் தாஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே போய்ச் சொன்னார்: "இன்னா சார், பிரசவ வார்டு வாசல்ல நிக்கறா மாதிரி நின்னுகினு கீறே? பொறந்தா போன் பண்றோம், வூட்டுக்குப் போ சார்."

சிவப்புக் கோடு

பிஸ்டன் இளகியது. பிரித்தோம். சிலிண்டர்களை நான்தான் அளந்தேன். தேய்மானம் போக ஏற்கெனவே கடைசி அளவுவரை உள்ளே கடைந்திருந்தார்கள். இன்னொரு முறை கடைய இரும்பு இல்லை. சிலிண்டர்களைத் தாங்கும் இரும்பு பிளாக்கில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தோம். ரெண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வந்தது. விரிசல்.

விரிசலை உலோகத்தால் தைத்து, சிலிண்டருக்குள் லைனர் குழாய் இறக்கி ஓட்டலாம், ஆனால் நான் உத்தரவாதம் தரமாட்டேன், அதே மாடல் இன்ஜின் ஒன்று கோயம்புத்தூரில் நல்ல நிலையில் இருக்கிறது, சனிக்கிழமைவரை நமக்காக வைத்திருப்பார்கள், மாற்றுவதுதான் சரி. இதையெல்லாம் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். சார் பிளாக்கைத் தடவிக்கொண்டே நின்றார். கூட வந்திருந்த அவர் மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "என் முட்டியை மாத்த ரெண்டு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டவர்மா இவர். இதுக்குச் சனிக்கிழமை பத்தாது."

பென்சிலும் செல்லோடேப்பும்

இன்ஜின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு, பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பர்மேல் பென்சிலால் தேய்த்து, செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுப்போம். நம்பர் டேப்பில் அப்படியே வந்துவிடும். வண்டி வந்த அன்றே கஸ்டமர் கண்ணெதிரே எடுக்க வேண்டிய வேலை அது. அன்று நம்பர்மேல் ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. மழை வேறு. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து, வண்டி வந்ததும் எழுதும் ஜாப் கார்டில் நம்பரை எழுதிவிட்டேன். நீங்களும் செய்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை பிசுக்கைச் சுரண்டி டேப் எடுத்தேன். புத்தகத்தில் ஒரு நம்பர், டேப்பில் வேறு நம்பர். ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. இது வண்டியோடு பிறந்த இன்ஜினே இல்லை, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். ஆனால் என் கையெழுத்திட்ட ஜாப் கார்டு, புத்தகத்து நம்பர் உள்ள இன்ஜின் இங்கே வந்து இறங்கியதாகச் சொல்கிறது. திருடியது நாங்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டேப்பைத் தாஸ் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

தாஸ் அண்ணன் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "கம்முனு வுட்டுடும்மா. அவுரு நிம்மதியும் கெடாது, உன் வேலையும் போவாது."

சனிக்கிழமை

சார் உள்ளே வந்ததும் சொல்லிவிட்டேன். தாமதித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். டேப், ஆர்.சி. புத்தகம், ஜாப் கார்டு மூன்றையும் வரிசையாக வைத்து, கார்டில் இருப்பது நான் பார்க்காமல் எழுதிய நம்பர், தப்பு என்னுடையது என்றேன். அப்பா கை வைத்த இன்ஜின் என்று நினைத்திருந்தவரிடம் இது அது இல்லை என்று சொல்வது விரிசலைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றி டேப்பை மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், தான் ஏழாவது படித்தபோது, கார் ஒரு முழு லீவுக்குக் காணாமல் போனதாம். பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது என்று அப்பா சொன்னாராம். திரும்பி வந்தபோது அதே உரிந்த பெயின்ட். வக்கீலைக் குறுக்கு விசாரணை செய்ய வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லையாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, பேனாவைக் கேட்டு வாங்கினார். "அப்பா செஞ்சதையே நானும் செய்யறேன், மாத்திடும்மா. ஆனா இந்த வாட்டி புக்குல ஏத்திடு."

இன்ஜினை மாற்ற எங்களுக்கு மூன்று நாள் போதும், மாற்றலாம் என்று ஒருவர் சொல்வதற்குத்தான் ஐம்பது வருஷம் ஆகிறது.