மாத்திரை வழக்கில் மாமியார் சொன்ன சாட்சி

இரண்டாவது மகள் பிறந்த பிறகு, கம்பத்தில் ஒரு டாக்டரம்மா எழுதித் தந்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டு வந்தேன். கணவருக்குத் தெரியும். பேரன் வேண்டுமென்று வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்திருந்த மாமியாருக்குத் தெரியாது.

சில மாதங்களில் இடது கால் வீங்கிக் கடுத்தது. கணவர் ஏலக்காய் வேலையாகக் குமுளிக்குப் போயிருந்தார். மாமியார்தான் கூட வந்தார். டாக்டரம்மா காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நின்னுக்கிட்டே வேலை பாத்தா வீங்கத்தான் செய்யும். மாத்திரையை மட்டும் விட்டுறாத" என்றார். சத்து மாத்திரை என்று மாமியார் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மூச்சு முட்டி விழுந்தேன். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்திருந்தது. இந்த மாத்திரையால் சிலருக்கு இப்படி ஆகும், கால் வீங்கியதுமே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர்.

பிழைத்து வந்ததும் தேனி நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். கால் வீக்கத்தோடு நான் வரவேயில்லை என்று டாக்டரம்மா தரப்பில் சாதித்தார்கள்.

"ஒங்க மாமியாதான் சாட்சி. அவுககிட்ட வெவரத்தைச் சொல்லிட்டீகளா?" என்றார் எங்கள் வக்கீல்.

திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்த மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த சணலைக் கீழே போட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து என்னையக் கிறுக்கியாக்கிட்டீகளே."

அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. ஆனால் விசாரணை நாளில் எங்களுக்கு முன்பே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எங்கள் இருவருக்குமே தைரியமில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "மருமக கருத்தடை மாத்திரை சாப்பிட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"விட்டிருக்க மாட்டேன்."

வக்கீல் சிரித்தார். மாமியார் தொடர்ந்தார்.

"அது எங்க வீட்டுச் சண்டை, நான் பாத்துக்கிருவேன். ஆனா அந்தக் காலைத் தூக்கி என் மடியில வச்சு அந்தம்மாவுக்குக் காட்டுனதே நாந்தான். மாத்திரையை விட்டுறாதன்னு சொன்னாக. இந்தக் காதால கேட்டேன்."

வீக்கத்தைச் சோதிக்காமல் மாத்திரையைத் தொடரச் சொன்னது கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், அதுவும் தள்ளுபடியானது.

தீர்ப்பைச் சொன்னபோது மாமியார் தலையை மட்டும் அசைத்தார். என்னோடு பேச அவருக்கு அடுத்த பொங்கல்வரை ஆனது.