நெலிதாவின் ஞாயிற்றுக்கிழமைக் கடல்

இறைச்சித் துண்டைப் பலகையில் போட்டுக் கட்டையால் நாலு தட்டு தட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் விடுகிறாள் நெலிதா. வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. வலது கையில் கரண்டி, இடது கையில் மாத்தே என்கிற இலைக் கஷாயம் குடிக்கிற குடுவை. ஒரு பக்கம் சிவக்கிற நேரத்துக்குள் குழலில் இழுத்து, குடுவையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நீட்டிவிடுவாள். பொரித்ததை ரொட்டிக்குள் வைத்து, ரொட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் அமுக்குவாள். "சூடு அடங்குறதுக்குள்ள மூடிடணும். அப்பதான் கடலோரத்துல பிரிக்கறப்போ வீட்டு வாசனை அடிக்கும்," என்பாள். எங்கள் ஊர் லொபெரியாவில் கோடையின் நடுவில், ஜனவரி ஞாயிறு இப்படித்தான் விடியும். அவள் சமையலறையிலிருந்து இப்படிப் பொரிக்கிற மிலனேசா வாசனை வரவில்லை என்றால் மழை பெய்கிறது, இல்லாவிட்டால் தெருவில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள்.

என் தம்பி அன்செல்மோவின் மனைவி இவள், நான் அவளுக்கு நாத்தனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது வேலை. கோடையில் பள்ளியை மூடிவிடுவார்கள். இவள் கையை மூட முடியாது. ஆள் அகலம், குரல் ஆளைவிட அகலம். சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் பளபளவென்று இருப்பதற்கு என் தம்பிதான் காரணம்.

நாங்கள் உருளைக்கிழங்குக் குடும்பம். நடுவோம், தோண்டுவோம், மூட்டை கட்டுவோம், லாரியில் ஏற்றுவோம். கடல் எங்கள் வாசலிலிருந்து லாரியில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் நான் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவுக்கு ஞாயிறு என்றால் தூக்கம். கடல் தலைநகரத்துக்காரர்கள் வந்து காசைக் கொட்டிவிட்டுப் போகிற இடம், நமக்கென்ன அங்கே வேலை என்பார். நெலிதா மருமகளாக வந்த முதல் கோடையில், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"ஏன் மாமா, கடல இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்கல்லாம் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"கிழங்க," என்றார் அப்பா.

"கிழங்கு எங்கயும் ஓடிடாது மாமா. கெளம்புங்க."

அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அடுத்த ஞாயிறு கிழங்கு லாரியின் பின்னால், மண் போகாத சாக்குகளின் மேல் எங்களை எல்லாம் ஏற்றி, அப்பாவை முன்னால் உட்கார வைத்துக் கெக்கென் கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கினாள். அப்பா தொப்பியையும் பூட்ஸையும் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக அப்படியே அலைக்குள் நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "பெருசாத்தான் இருக்கு," என்றார். எதைப் பற்றியும் அவர் அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து கோடை ஞாயிறு அவளுடையது. அவளால்தான் நான் கடலைப் பார்த்தேன், என் பிள்ளைகள் பார்த்தார்கள். இதை அவளிடம் சொன்னால், "போங்க அண்ணி, கடல நானா வெட்டி வச்சேன்?" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சொல்ல விடமாட்டேன் என்கிறாள், அதனால் இங்கே சொல்கிறேன். அவள் வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

கடற்கரையில் அவளுக்கென்று சட்டங்கள் உண்டு. உயிர்காப்பாளர் கோபுரத்துக்கும் பலகாரக் கடைக்கும் நடுவில்தான் குடை நடுவாள். வேறு யாராவது அந்த இடத்தைப் பிடித்திருந்தால் அவர்கள் குடைக்கு மிகப் பக்கத்தில் பாயை விரித்து, பெரிய குரலில் பேச ஆரம்பிப்பாள், அவர்களாகவே நகர்ந்துவிடுவார்கள். எங்கள் கடற்கரையில் காற்று மனிதரையே தள்ளும். குடைக்கம்பை ஊன்றி, ஈர மணலைச் சுற்றிலும் போட்டு, அதன்மேல் ஏறிக் குதித்து மிதிப்பாள். சாப்பிட்டால் உணவு செரிக்கும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஐம்பது வயது ஆள் இறங்கினாலும் காதைப் பிடித்து இழுத்து வருவாள். ரொட்டியில் மணல் நறநறக்கிறது என்று யாராவது சொன்னால் போதும்: "மணல் வேணாம்னா வீட்டுலயே தின்னிருக்கலாமே ராசா! இதுக்கா உன்ன இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தேன்?"

எங்கள் கடற்கரைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளை தொலைந்துபோய் அழுதுகொண்டு நின்றால், பக்கத்தில் இருக்கிறவர் யாரானாலும் அதைத் தூக்கித் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டு தண்ணீரோரமாக நடப்பார். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். எழுந்திருக்கக்கூட வேண்டாம், படுத்திருக்கிறவர் படுத்தபடியே தட்டலாம். பிள்ளை நகர நகரக் கைதட்டலும் குடை குடையாக நகரும். எங்கேயோ பதறிக்கொண்டு நிற்கிற தாய் அந்தச் சத்தம் வரும் பக்கம் பார்த்து ஓடி வருவாள். பிள்ளை அவள் கைக்குப் போனதும் தட்டல் நின்றுவிடும். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள்.

இதில் நெலிதாவை அடிக்க ஆளில்லை. மாவு பிசைந்து பிசைந்து பரந்துபோன உள்ளங்கை. அவள் தட்டினால் கடற்பறவைகள் எழும். பாதி ரொட்டி வாயில் இருந்தாலும் முதல் தட்டு அவளுடையதாகத்தான் இருக்கும். "புள்ள அழுற சத்தத்தக் காத்து தின்னுடும் அண்ணி. கை சத்தத்த அதால திங்க முடியாது," என்பாள். அன்செல்மோ இதிலெல்லாம் சேர மாட்டான். காதில் ரேடியோவை வைத்துக் கால்பந்து கேட்பான். "ஊரான் புள்ளைக்கு உனக்கு என்னடி இவ்வளவு வேகம்?" என்பான். "கை சும்மாதான கிடக்கு, உன் ரேடியோ மாதிரி கத்திக்கிட்டா கிடக்கு?" என்பாள் இவள்.

போன குளிர்காலத்திலிருந்து அந்த ரேடியோவைத் திருகக் கூட அவனுக்கு மறந்துபோகிறது. ரொட்டி வாங்கப் போனவன் ரயிலடியில் உட்கார்ந்திருந்தான். என்னை எங்கள் அம்மா என்று நினைத்து, "அம்மா" என்றே கூப்பிடுகிறான். நானும் "என்னப்பா" என்கிறேன், வேறென்ன செய்வது? கோடை வந்ததும் அவர்களுடைய மகன் தாரியோ, வண்டி ஓட்டிக் கூட்டிப் போகிறவன் அவன்தான், அம்மாவிடம் வந்து நின்றான்.

"அப்பாவ இந்த வருஷம் விட்டுடலாம்மா. அந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடுறது? பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறேன்னு சொல்லிருக்கு."

நெலிதா பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

"அப்போ நானும் வரல. மிலனேசாவ நீயே பொரிச்சு எடுத்துட்டுப் போ. சுட்டுக்காத."

"அம்மா..."

"அவரு தண்ணியில கால வச்சா முகம் எப்படி ஆகுதுன்னு நீ பாக்கல. நான் பாக்கறேன்."

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஒருமுறை தொலைந்தால் அதோடு சரி. பிறகு ஞாயிற்றுக்கிழமை அன்செல்மோ வீட்டில்தான். நெலிதா தலையாட்டினாள். ஆட்டிவிட்டு என்னிடம் வந்து, "கண்ண அவர் மேலயே வைங்க அண்ணி," என்றாள். அந்தக் கோடை முழுவதும் அவள் கடலைப் பார்க்கவே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. சாப்பிட்டு முடித்து வட்டமாக உட்கார்ந்து மாத்தே சுற்றிக்கொண்டிருந்தது. பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. அன்செல்மோ எழுந்தான். பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கினான். "தண்ணி வாங்கிட்டு வரேன்," என்றான், முன்பெல்லாம் சொல்வானே, அதே குரலில். பலகாரக் கடையில் வெந்நீர் ஊற்றித் தருவார்கள். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் எழுந்துபோய் வாங்கி வருவதுதான். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னோம்: "கொதிக்க வேணாம்னு சொல்லு!" கொதித்த நீரை ஊற்றினால் இலை செத்துவிடும். அது ஒன்றுதான் எங்களுக்கு அப்போது கவலை. நெலிதாவும் சொன்னாள். கக்கத்தில் பிளாஸ்கோடு நடக்கிற மனிதனைப் பார்த்து எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. அவன் போகிற இடமும் தெரியும், திரும்பி வருவான் என்பதும் தெரியும்.

காலிக் குடுவை நெலிதாவின் கையில் ரொம்ப நேரம் இருந்தது. "தண்ணி எங்க?" என்று கேட்டவள், கேட்ட வாயோடு எழுந்துவிட்டாள்.

கடைப் பெண் சொன்னாள்: வந்தார், தண்ணீர் வாங்கினார், கொதிக்க வேண்டாம் என்றும் சொன்னார், நன்றி சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். அந்தப் பக்கம் எங்கள் குடை இல்லை. அந்தப் பக்கம் குடைகள், குடைகள், அதற்கு அப்பால் துறைமுகக் கற்சுவர், கற்சுவருக்கு அப்பால் கடல்.

தாரியோ உயிர்காப்பாளரிடம் ஓடினான். ஓடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "அப்பவே சொன்னேன்ல அத்தை," என்றான். அம்மாவைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நெலிதா தண்ணீரோரம் நின்றாள். அந்தப் பெரிய குரலை அப்போது காணோம்.

"அவருக்கு எப்படி அண்ணி கை தட்டுறது?" என்றாள். "யாரு அவரத் தோள்ல தூக்குவா?"

"வருவான்டி."

"வந்தாலும் இதோட சரி. ஜன்னலோரம் நாற்காலியப் போட்டு உக்கார வச்சுடுவாங்க. தெருவப் பாத்துக்கிட்டே முடிஞ்சுருவாரு."

அலை வந்து அவள் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. அவள் குனியவில்லை.

அப்போதுதான் கற்சுவர்ப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. முதலில் தூறல் மாதிரி, பிறகு கொஞ்சம் கெட்டியாக. யாருடைய பிள்ளையோ தொலைந்திருக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த நேரத்தில் வேறொருவர் கஷ்டம் வேறா என்று நினைத்தேன். நெலிதாவைப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் ஓடுகிறது, துடைக்கவில்லை. ஏனென்றால் அவள் கை தட்டிக்கொண்டிருந்தது. முழுப் பலத்தோடு, எப்போதும் போல.

"இப்பவுமா நெலிதா?"

"பாவம் அண்ணி, அதோட அம்மா எங்க நிக்குறாளோ."

தட்டல் குடை குடையாக எங்கள் பக்கம் வந்தது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு சின்னப் பெண், நீல நீச்சலுடை, நனைந்த பின்னல். அழுகை நின்றுவிட்டது, விக்கல் மட்டும் பாக்கி. அது ஒரு பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பிளாஸ்க், மூடி உடைந்து கயிறு கட்டியது. கீழே பார்த்தேன். பிள்ளையைச் சுமந்து வந்தவன் என் தம்பி.

மூட்டை சுமந்த ஆள் மாதிரியே நடந்தான். முதுகு நேராக, கால் அளந்து, யாரையும் பார்க்காமல். பிள்ளையின் இரண்டு பாதங்களையும் கழுத்தோரம் பிடித்திருந்தான். பின்னால் முன்பின் தெரியாத ஜனங்கள் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரான் பிள்ளைக்கு ஒருநாள்கூடத் தட்டாதவனுக்கு, ஊரே தட்டிக்கொண்டு வந்தது.

எங்கிருந்தோ ஓர் இளம்பெண் குடைகளைத் தாண்டிக்கொண்டு, "என் பொண்ணு! என் பொண்ணு!" என்று ஓடி வந்தாள். பிள்ளையை இறக்கி வாங்கினாள். அன்செல்மோ அவளைக் கண்டித்தான். "கூட்டத்துல கொழந்தைய இப்படியா விடுறது? கண்ணு வேணாமா தாயி?" அவள் அழுதுகொண்டே, "தப்புதான் தாத்தா, தப்புதான்," என்று அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், பிளாஸ்கை என்னிடம் தந்தாள். தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. கொதித்த தண்ணீர் இல்லை.

தாரியோ உயிர்காப்பாளரோடு மூச்சு வாங்க வந்து நின்றான். முழுவதையும் பார்த்துவிட்டிருந்தான். உயிர்காப்பாளர் அன்செல்மோவைக் காட்டி, "தொலைஞ்சுட்டாருன்னு சொன்னீங்களே, இவரா?" என்றார்.

தாரியோ அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"இல்ல," என்றான். "எங்கப்பா வெந்நீர் வாங்கப் போயிருந்தாரு. அவ்வளவுதான்."

கைதட்டல் நின்றுவிட்டது. ஜனங்கள் அவரவர் குடைக்குத் திரும்பினார்கள். அன்செல்மோ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். அடுத்து எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளும் இன்னும் கழுத்தோரமாகவே இருந்தன, இல்லாத பாதங்களைப் பிடித்தபடி. நெலிதா ஒற்றைச் செருப்போடு மணலில் நடந்து அவன் எதிரில் போய் நின்றாள். தன் இரண்டு கைகளையும் உயர்த்தி, மணிக்கட்டுகளை அவன் விரல்களுக்குள் நுழைத்தாள். விரல்கள் இறுகும்வரை அப்படியே காத்திருந்தாள்.