கோரைக்குள் நின்ற சிவப்பு

ஆற்றில் கால் வைக்காமலேயே பத்து வருஷத்துக்கு மேல் ஆற்று நீரைச் சோதித்தவர் சீனிவாசராகவன். பெங்களூர் நகரசபையின் சுகாதாரப் பிரிவில் வேலை. பாட்டனார் காலத்திலிருந்து மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்த குடும்பம். வீட்டில் ஆசாரம் அதிகம். விருஷபாவதி ஆற்றில் சாக்கடை கலந்திருந்தது. அதைத் தொட்டால் குளிக்காமல் சாப்பிட முடியாது. அதனால் பாலத்தின் மேல் நின்று, கயிற்றில் வாளியை இறக்கி, நடு ஓட்டத்து நீரை மட்டும் எடுப்பார். அவருடைய கணக்குகள் ஒழுங்கானவை என்று பெயர். ஒழுங்கு வேறு, உண்மை வேறு என்பதை அவர் யோசித்ததில்லை.

1961 கோடையில் ஒரு காலை, ஆற்றின் மேற்பகுதியில் ஒரு முலாம் பட்டறையின் சயனைடுத் தொட்டி உடைந்து ஆற்றில் வடிந்தது. கசிவை அடைத்ததும் சீனிவாசராகவன் அதே இடத்தில் சிவப்புச் சாயம் கொட்டச் சொன்னார். விஷம் முன்னால் போகிறது, சாயம் பின்னால் வருகிறது. சாயம் கடந்துவிட்ட இடத்தை விஷமும் கடந்திருக்கும் என்பது கணிப்பு. பிறகு ஜீப்பில் மைசூர் ரோடு பாலத்துக்கு வந்தார்.

பாலத்தின் கீழே வள்ளியம்மா, ஆற்றில் மாடு இறக்கக் கூடாது என்ற அவர் ஆபீஸ் உத்தரவால், எருமைகளைக் கட்டிப்போட்டிருந்தாள். புருஷன் இறந்த பிறகு அவற்றின் பால்தான் அவள் பிழைப்பு.

"சாமி, வெயில்ல நாக்கு தள்ளிக்கினு நிக்குதுங்க. உங்க ஆபீஸ் ஆர்டர் எருமைக்குத் தெரியுமா?"

"விஷம்மா. கொஞ்சம் பொறு."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். இவளுங்க கேக்க மாட்டேங்கறாளுங்க."

மதியம் சிவப்பு வந்தது. நடு ஆற்றில் நீண்டு, வெளிறி, பாலத்தைக் கடந்து போயிற்று. அவர் வாளியை இறக்கினார். மூன்றாம் வாளியில் நீர் பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

"போயிடுத்தும்மா. அவுத்து விடு."

வள்ளியம்மா முதலில் லச்சி என்ற எருமையை அவிழ்த்தாள். "பாரே, பாரே" என்று கன்னடத்தில் அழைத்தபடி முன்னால் நடந்தாள். லச்சி நடு ஆற்றுக்குப் போகவில்லை. கரையோரம் அடர்ந்திருந்த கோரையை மார்பால் விலக்கி நின்றது. விலகிய இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு மெல்ல வெளியே வந்தது.

பாலத்தின் மேலிருந்து அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. கோரைக்குள் நீர் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது. சாயம் நின்றால் விஷமும் அங்கேதான் நிற்கிறது.

"இழு! குடிக்க விடாதே!"

அவள் கயிற்றை இழுத்தாள். தாகத்தில் இருந்த எருமை அசையவில்லை. அவர் சரிவில் இறங்கி ஓடி, முழங்காலளவு நீரில் நின்று, தோள் அங்கவஸ்திரத்தை லச்சியின் முகத்தில் போட்டு மூடினார். பார்வை மறைந்ததும் அது மிரண்டு பின்வாங்கியது. இருவரும் சேர்ந்து கரையேற்றினார்கள்.

"குடிச்சுதா?"

"மூக்கை வச்சுது சாமி. குடிச்சுதான்னு தெரியலை."

அவருக்கும் தெரியவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் வண்டி கொண்டுவர ஜீப்பை அனுப்பினார். லச்சியின் மூச்சைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். வள்ளியம்மா அழவில்லை, அதன் விலாவில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"மத்ததுங்களை எப்ப விடலாம்?"

எப்போதும் உடனே ஒரு நேரம் சொல்லிவிடுவார். இப்போது கோரையைப் பார்த்தார். காற்றில் அது அசையும்போதெல்லாம் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது.

"தெரியலைம்மா."

தண்ணீர் வண்டி வந்தது. வண்டித் தண்ணீரை ஊற்றிய தொட்டியில் லச்சி வாய் வைத்து உறிஞ்சியது; பிறகு நின்றபடியே அசை போடத் தொடங்கியது. வள்ளியம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"சாமி, நீங்க போய்க் குளிங்க. கால்ல விஷம்."

வண்டிக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, அங்கே தேங்கிய நீரை எடுக்கக் கோரை ஓரத்துக்கே திரும்பிப் போனார்.