கிராம்பு எண்ணெய்க்காக ஒரு வெட்டி அலைச்சல்

செம்பூரில் எங்கள் தெருமுனையிலேயே பல் மருத்துவர் இருக்கிறார். நடந்தால் ஐந்து நிமிடம். ஆனாலும் போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் வீட்டுக்காரரின் கடைவாய்ப் பல்லுக்காக நான் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் அலைந்தேன். எல்லாம் அவருடைய வாட்ஸ்ஆப் செய்த வேலை. கிராம்பு எண்ணெய் பல்வலியைக் குணப்படுத்தும் என்று யாரோ அனுப்பியிருந்தார்களாம். "மொதல்ல அது, அப்புறம்தான் டென்டிஸ்ட்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு நான் வாங்கிவைத்த அப்பாயின்ட்மென்ட் இருந்தது.

காலை பத்தரைக்குக் கிளம்பினேன். ஆட்டோ சயானோடு சரி, அதற்குத் தெற்கே விடமாட்டார்கள். புதிதாக வருபவர்கள் ஆட்டோக்காரரிடம் சண்டை போடாதீர்கள். செம்பூரிலிருந்து நூறு ரூபாய் போல ஆகும். அங்கிருந்து டாக்ஸிக்கு ஐம்பதுக்குள். மாட்டுங்கா மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லோரிடமும் கிராம்பு இருக்கிறது, எண்ணெய் இல்லை. ஒருவர் நீட்டிய பாட்டிலில் 'வாசனைக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

அங்கே ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில் கிடைத்தது. "யக்கா, பல்லுக்கு மட்டும்னு நெனைக்காதிய. சுகரு, மூட்டுவலி, முடி கொட்டுறது, எல்லாத்துக்கும் கேக்கும். பெரிய பாட்டிலா கொண்டு போங்க" என்றார்.

"எனக்குப் பல்லு ஒண்ணு சரியானா போதும் அண்ணாச்சி."

உண்மையைச் சொல்கிறேன், எண்ணெய் வேலை செய்தது. அதுதான் வினை. அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் பல்லை மரத்துப்போகச் செய்துவிட்டது. அவர் உடனே போன் போட்டு அப்பாயின்ட்மென்டை ரத்து செய்தார். "வலியே இல்லடி! டென்டிஸ்ட்டுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?"

செவ்வாய்க்கிழமை காலை கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. காய்ச்சல் வேறு. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். வலி மட்டும்தான் மரத்திருக்கிறது, உள்ளே சீழ் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்று டாக்டரம்மா இந்தியில் விளாசினார். நான் டாக்டரம்மா பக்கம்தான்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் டாக்டரைப் பாருங்கள். அதுவரை தாங்க முடியாவிட்டால், தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு கலந்து பஞ்சில் வையுங்கள். அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தபின் டாக்டரம்மா பல்லைக் குடைந்து சுத்தம் செய்து, தற்காலிகமாக ஏதோ பசை வைத்து அடைத்தார். அறையெல்லாம் கிராம்பு வாசனை. என்ன டாக்டர் இது என்றேன். கிராம்பு எண்ணெயில் குழைத்த சிமென்ட்தானாம்.

அத்தனை நாளாக வாயைத் திறக்க முடியாமல் கிடந்த மனுஷர், நாற்காலியில் படுத்தபடியே பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல!"