எதை ஒத்திவைச்சீங்க, தலைவரே?

எனக்கு மூக்குமேல கோபம் வரும்னு தையல் செக்ஷன்ல எல்லாருக்கும் தெரியும். என் தங்கச்சிக்குக் கோபமே வராது, வாய்தான் வரும். சின்ன வயசுலேர்ந்து வீட்டுல அவளுக்கு வாயாடின்னுதான் பேரு. அந்த வாய் ஒருநாள் சட்டமன்றத்துல போய் உட்காரும்னு நான் கனவுலயும் நினைச்சதில்ல.

ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில சட்டை தைச்சோம். காலையில நாங்க உள்ள போனதும் வெளியே பூட்டிடுவாங்க. துணியைத் திருடிட்டுப் போயிடுவோமாம்! ஒருநாள் இஸ்திரி மேஜையில தீ பிடிச்சது. கதவைத் தட்டு தட்டுன்னு தட்டுறோம். சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடையில. யாரோ தண்ணி டிரம்மைக் கவுத்து அணைச்சாங்க, அதனாலதான் இன்னைக்கு உக்காந்து பேசிட்டிருக்கேன். அந்த வருஷம் இவ தேர்தல்ல நின்னா. தெருவே சிரிச்சுது, அப்புறம் ஓட்டும் போட்டுது.

போன கையோட ஒரு மசோதா கொடுத்தா. உள்ள ஆள் வேலை செய்யும்போது வெளியே பூட்டக் கூடாது, அவ்வளவுதான். அங்க ஒரு மசோதாவை ஒழிச்சுக்கட்ட யாரும் எதிர்க்கவே வேண்டாம், வரிசையில கடைசியா வைச்சா போதும்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது. வரிசையை முடிவு பண்றவருக்கு அவை முன்னவர்னு பேரு. பேர்தான் முன்னவர், எங்களை வைக்கிறது எப்பவும் பின்னால. முதலாளிங்க அவர் வீட்டு சோபாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டாங்க, அது வேற கதை.

வரிசை போடுற கூட்டத்துல இவ ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவா. அவர் தேன் சொட்டச் சொட்ட "நாளைக்குப் பார்க்கலாம்மா"ம்பார். மறுநாள் பூங்காவுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு பொழுது சாயுற வரைக்கும் பேசுவாங்க, அவை கலைஞ்சிடும். வீட்டுல நான் தாம்தூம்னு குதிப்பேன். அவ சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவா. எனக்கு அதைப் பார்த்தா இன்னும் பத்திக்கிட்டு வரும்.

கூட்டத்தொடரோட கடைசி நாள் வந்துது. அன்னைக்கும் எடுக்கலைன்னா மசோதா காலாவதி, மறுபடி ஆனா ஆவன்னாவுலேர்ந்து ஆரம்பிக்கணும். நான் லீவு போட்டுட்டுப் பார்வையாளர் மாடத்துல போய் உட்கார்ந்தேன். விளம்பரப் பலகை மசோதான்னு ஒண்ணை ஜவ்வா இழுத்துட்டிருந்தாங்க. அதுக்கு அடுத்தது இவளோடது. முன்னவர் ஒரு சீட்டை அவைத் தலைவர்கிட்ட அனுப்பினார். தலைவர் படிச்சுட்டு, "ஒத்திவைக்கிறேன்"னுட்டு எழுந்தார்.

எல்லாரும் பையைத் தூக்கிட்டாங்க. இவ மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையல, மைக்கைப் பிடிச்சுக்கிட்டா.

"தலைவர் அவர்களே, எதை ஒத்திவைச்சீங்க?"

அவையைத்தான், இது குழந்தைக்குக்கூடத் தெரியுமேன்னு முன்னவர் சிரிச்சார்.

"அவையைன்னு தலைவர் சொல்லலையே. பேசிட்டிருந்தது விளம்பரப் பலகை. அதைத்தான் ஒத்திவைச்சார்னு நான் எடுத்துக்கிட்டேன். அப்போ அடுத்தது என்னுது."

நடந்துட்டிருந்தவங்க நின்னுட்டாங்க. தலைவர் குறிப்பெடுக்கிறவரை வாசிக்கச் சொன்னார். அந்த ஒரே வார்த்தைதான் இருந்துது. பாவம், கூட்டத்தொடர் முழுக்கச் சீட்டு வர வர ஆடிட்டிருந்த மனுஷன். முன்னவர் இன்னொரு சீட்டு எழுத ஆரம்பிச்சதைப் பார்த்தார். என்ன தோணுச்சோ, நாற்காலியில திரும்ப உட்கார்ந்துட்டார்.

"நான் ஒத்திவைச்சது விளம்பரப் பலகையை. அடுத்த மசோதா."

மாடத்துல நான் கேவிக் கேவி அழுதேன், வெட்கமா என்ன? ஓட்டெடுப்புல ஒரு கைகூட எதிர்த்து எழும்பல. பொம்பளைங்களை உள்ள வைச்சுப் பூட்டலாம்னு நாலு பேர் பார்க்கக் கை தூக்க எவனுக்குத் தைரியம் வரும்? அதனாலதானே இத்தனை நாள் கடைசியில ஒளிச்சு வைச்சாங்க. முன்னவரும் தூக்கினார், ஆதரவா.

சட்டம் அமலுக்கு வந்த அன்னைக்குக் கம்பெனியில பூட்டைக் கழட்டினாங்க. வேலை மும்முரமா நடக்கிற நேரத்துல நான் மெஷினை நிறுத்திட்டுப் போய்க் கதவைத் தள்ளினேன். திறந்துக்கிச்சு. சூப்பர்வைசர் பதறி ஓடி வந்து எங்க போறேன்னு கேட்டார்.

"எங்கயும் போகல. என் தங்கச்சி போட்ட சட்டம், வேலை செய்யுதான்னு பார்த்தேன்"னு சொல்லிட்டு, திரும்பி வந்து தைக்க உட்கார்ந்தேன்.